தூண்டில் சாமானுக்குப் பெட்டியா, பையா? முதலில் உப்பைப் பார்ப்போம்

மதுரையில் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறு பைக்கில் பாம்பன், தனுஷ்கோடி பக்கம் தூண்டில் போட வருகிறீர்கள். வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத பிளாஸ்டிக் பெட்டியின் கீல் உடைந்துவிட்டது, உள்ளே இருந்த தூண்டில் முள்ளெல்லாம் துரு, ரப்பர் லூர்கள் (மீனை ஏமாற்றும் போலி இரைகள்) ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. அடுத்து நல்ல கெட்டியான பெட்டியாக வாங்குவதா, துணிப்பை வாங்குவதா, 3,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் கேள்விக்குள் மூன்று தனித்தனி வியாதி இருக்கிறது. கீல் உடைந்தது பிளாஸ்டிக்கின் தரத்தால். லூர் உருகியது இரண்டு பிளாஸ்டிக்குகள் ஒன்றுக்கொன்று சேராததால். முள் துருப்பிடித்தது உப்பால். பெட்டியை விட்டுப் பைக்கு மாறினால் மட்டும் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தீராது. ஆகவே வியாதியை முதலில் பார்த்துவிட்டு, எதை வாங்குவது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்காரன். அப்பா வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், கைத்தூண்டில் போட்டவர். நான் பிளாஸ்டிக் டெக்னாலஜியில் டிப்ளமோ முடித்து, 17 வருடம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறையில் டப்பாவும் மூடியும் வார்த்தேன். ஊர் திரும்பி 9 வருடம் ஆகிறது. கரையில் நின்று ராடு வீசுவதும், வல்லத்தில் போய்த் தூண்டில் இறக்குவதும் இரண்டுமே பழக்கம். ஆழ்கடலில் பெரிய படகில் போய் நாள்கணக்கில் தங்கிப் பிடித்த பழக்கம் இல்லை. ஆறு, குளத்து மீன்பிடியும் தெரியாது. ஆகவே இதை நம் கரைக்கு மட்டும் பொருந்துகிற பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துருவிலிருந்து தொடங்குவோம். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, அதனால்தான் துரு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். வீட்டில் கல் உப்பு ஜாடியை மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள்; யாரும் தண்ணீர் ஊற்றாமலே அது கசியும். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது அதைவிட வறண்ட காற்றிலும் நீரை இழுக்கும். நம் கரையில் விடியற்காலையில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்பது உங்கள் சட்டைக்கே தெரியும். லூரைக் கடலிலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்து, ‘காய்ந்துவிட்டது’ என்று பெட்டியில் போடுகிறீர்கள். போனது தண்ணீர் மட்டும்தான். உப்பு முள்ளின் மேலேயே இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே அது ஈரத்தை இழுத்து, முள்ளைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகக் கடலை மறுபடி உண்டாக்கிவிடும்.

கெட்டிப் பெட்டியின் குணம் இங்கேதான் எதிராகத் திரும்புகிறது. மூடியில் ரப்பர் வளையம் வைத்த பெட்டி வெளித் தண்ணீரை உள்ளே விடாது; உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது. வெயிலில் சூடேறும்போது உள்காற்று விரியும், குளிரும்போது சுருங்கும்; வளையம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்தச் சுருக்கத்தில் ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தடவை தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) போய் வந்தபோது ஒரு கரண்டி அளவு தண்ணீர் உள்ளே நின்றதைக் கவனிக்காமல் பெட்டியை இறுக்கி மூடிப் பரணில் வைத்துவிட்டேன். நான்காம் நாள் திறந்தால், அலை அடித்த மேல்தட்டு லூர்கள் மட்டுமில்லை, கடலில் இறங்கவே இறங்காத புது மூன்றுமுள்களிலும் காவி படர்ந்திருந்தது. பாறை மீனுக்கும் ஊளி மீனுக்கும் என்று ஆசை ஆசையாகச் சேர்த்தவை. அந்த ஒரு கரண்டித் தண்ணீர் தட்டுத் தட்டாக ஆவியாகி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. முள் பெரும்பாலும் கார்பன் எஃகு, மேலே மெல்லிய தகரப் பூச்சு அல்லது நிக்கல் பூச்சு. சுவிவல், அதாவது தூண்டில் இழை முறுக்காமலிருக்க மாட்டும் சுழல் வளையம், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். இரண்டையும் ஒரே அறையில் போட்டு, நடுவே உப்புநீர் இருந்தால் அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அரிக்கப்படுவது எஃகு முள்ளாகத்தான் இருக்கும். ஆகவே முள் தனி அறை, சுவிவலும் ஸ்னாப்பும் (லூரை மாட்டும் கொக்கி) தனி அறை. இதற்குக் காசு செலவில்லை, இன்றைக்கே செய்யலாம். ஸ்டெயின்லெஸ்ஸும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. அதன் மேல் இருக்கும் காப்புப் படலத்துக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். சந்துபொந்தில் உப்புநீர் தேங்கிக் காற்றில்லாமல் கிடந்தால் அங்கே அதுவும் பொத்தலாகும்.

என் தாத்தா முள்ளைத் தக்கையில் குத்தி, பனையோலைக் கொட்டானில் போட்டு, கூரைக்குக் கீழே தொங்கவிடுவார். மழைத் தண்ணீர் அதில் புகும், காற்றும் புகும், எல்லாம் அதே வழியில் வெளியேயும் போய்விடும். இன்றைய கண்ணால் பார்த்தால் அது ஒரு நல்ல துணிப்பைதான். அப்பா காலத்தில் கேனை மேலே வெட்டி, அதில் தங்கூசி (நைலான் தூண்டில் இழை) சுருளும் ஈயமும் போட்டுவைத்தார்கள். இரண்டுமே மூடாத பாத்திரங்கள். கரைக்காரர்கள் தண்ணீருக்குப் பயந்து சாமானை மூடி வைத்ததைவிட, உப்பு தங்காமல் பார்த்துக்கொண்டதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உப்பை எப்படி எடுப்பது? நல்ல தண்ணீரில் அலசவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் அதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். கரையோரத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீரே உவர்ப்பு. நல்ல தண்ணீர் குடத்துக் கணக்கில் வரும். அந்தத் தண்ணீரை லூர் கழுவக் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உங்கள் சாமான்களின் மேலெல்லாம் சேர்ந்து 50 மில்லி கடல்நீர் ஒட்டியிருந்தால், 1.75 கிராம் உப்பு. 2 லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே முறை முக்கி எடுத்தால், மறுபடி ஒட்டி நிற்கும் 50 மில்லியில் ஏறக்குறைய 0.04 கிராம் இருக்கும். அதே 2 லிட்டரை இரண்டாகப் பிரித்து, 1 லிட்டரில் ஒரு முறை, நன்றாக உதறிவிட்டு அடுத்த 1 லிட்டரில் இன்னொரு முறை முக்கினால், மிஞ்சுவது 0.004 கிராம். தண்ணீர் அதேதான், உப்பு பத்தில் ஒரு பங்கு. போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தாலும் கடலைவிட எத்தனையோ மடங்கு தேவலை. முதல் முக்குக்கு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கடைசி முக்கு மட்டும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். திரும்பும் வழியில் இராமநாதபுரத்தில் டீ குடிக்க நிற்பீர்கள் அல்லவா? ஒரு பழைய பால் வாளியும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் போதும். மதுரை போய்ச் சேர்ந்து, அசதியில் தூங்கி, மறுநாள் கழுவுகிற கழுவலைவிட அது மேல்.

இப்போது உருகிய லூருக்கு வருவோம். ரப்பர் லூர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ரப்பரே இல்லை. பிவிசி பொடியில் எண்ணெய் மாதிரியான மிருதுவாக்கியைக் கலந்து சூடாக்கி ஊற்றியது. அந்த எண்ணெய் உள்ளேயே அடங்கி இருக்காது, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் மெல்ல மெல்ல நகரும். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளில் போனால் அவற்றை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும். கெட்டி லூர்களின் உடம்பு பல ஏபிஎஸ்தான். மலிவான பெட்டிகள் பல பாலிஸ்டைரீன். இதுபோக, நன்றாக இழுபடுகிற, தண்ணீரில் மிதக்கிற இன்னொரு வகை மெத்து லூர் இருக்கிறது. அது வேறு குடும்பம். அதையும் பிவிசி லூரையும் சேர்த்து வைத்தால் இரண்டும் கூழாகிவிடும். நம் ஊர் வெயிலில், பைக்கின் பக்கப்பெட்டிக்குள், இது இன்னும் வேகமாக நடக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை; பட்டறையில் இதே காரணத்தால் கெட்ட சரக்கைப் பார்த்திருக்கிறேன். மருந்து சின்னது: இந்த இரண்டு வகை மெத்து லூர்களையும் அவை வந்த பாக்கெட்டிலேயே வையுங்கள், பாக்கெட்டைப் பெட்டியின் தட்டறைகளில் பிரித்துக் கொட்டாதீர்கள்.

பெட்டி எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிப்பது எப்படி? அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 2 என்றால் கெட்டிப் பாலிஎத்திலீன். இரண்டும் அந்த எண்ணெய்க்கு அசையாது. 6 என்றால் பாலிஸ்டைரீன், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். எண் இல்லையென்றால் கண்ணும் காதும் போதும். கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிந்து, விரலால் சுண்டினால் ‘டிங்’ என்று ஒலித்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். கஞ்சித் தண்ணீர் மாதிரி கொஞ்சம் மங்கலாக, நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி இருந்தால் பாலிப்ரொப்பிலீன். உடைந்த உங்கள் கீலின் துண்டு ஒன்று இருந்தால் டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியைத் தட்டிவிட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், பாலிஸ்டைரீன் மூழ்கும். மூழ்கினால் கீல் உடைந்ததில் ஆச்சரியமில்லை. பாலிஸ்டைரீன் வளைவதற்குப் பிறந்த பொருள் இல்லை. பாலிப்ரொப்பிலீனில் மூடியும் பெட்டியும் ஒரே வார்ப்பாக, நடுவே மெல்லிய தோல் மாதிரி கீல் இருக்கும். சரியாக வார்த்திருந்தால் அது ஆயிரக்கணக்கான முறை மடங்கும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வெயில் காப்பு மருந்து சேர்க்காத பாலிப்ரொப்பிலீன் சூரியனில் கிடந்தால் நொறுங்கத் தொடங்கும். மேலே வெள்ளைப் பொடி கிளம்பினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். கீலுக்கு இரும்புக் கம்பி கோத்த பெட்டியை இந்தக் கரைக்குக் கொண்டே வராதீர்கள்.

சரி, பெட்டியா பையா? உங்கள் கால் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது. வல்லத்திலோ வத்தையிலோ போகிறவருக்கு நான் தயங்காமல் கெட்டிப் பெட்டி என்பேன். படகின் அடியில் எப்போதும் நாலு விரல் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும், அதில் மீன் ரத்தமும் இறால் சாறும் கலந்திருக்கும். துணிப்பை அதைக் குடித்துவிடும். பிறகு எத்தனை அலசினாலும் நாற்றம் போகாது. மேலே ஈயக்கட்டி விழும், ஐஸ் பெட்டி நகரும், ஆள் மிதிப்பார். கெட்டிப் பெட்டி தாங்கும். அதற்காக விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி, மூடியில் ரப்பர் வளையத்தோடு, கைப்பிடியோடு இருக்கிறதே, அதைவிட நல்ல பெட்டியை நான் படகில் பார்த்ததில்லை. உள்ளே சின்ன தட்டுப்பெட்டிகளை அடுக்கலாம், அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிறு போட்டுக் கட்டலாம், கவிழ்த்துப்போட்டு உட்காரலாம். வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தால் ஒரு சொட்டுகூடத் தங்காது. மூலை முடுக்கில்லாத பாத்திரம் அது.

நீங்கள் படகில் போகிறவர் இல்லை. மதுரையிலிருந்து 170 கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் வருகிறீர்கள், பிறகு தனுஷ்கோடி மணலில் நடக்கிறீர்கள், மீன் எங்கே அடிக்கிறதோ அங்கே இடம் மாறுகிறீர்கள். தெற்கே அலை அடித்தால் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் போய் நிற்பீர்கள். இந்த நடைக்குக் கெட்டிப் பெட்டி பாரம். ஒரு கையை எப்போதும் பிடித்து வைத்துக்கொள்ளும். கேரியரில் கட்டினால் குலுக்கலில் லூர்கள் ஒன்றையொன்று அடித்து முள்முனை மழுங்கும். உங்களுக்குத் தோளில் குறுக்காக மாட்டும் துணிப்பைதான் சரி. ஆனால் வெறும் பையில்லை. உள்ளே இரண்டோ மூன்றோ பாலிப்ரொப்பிலீன் தட்டுப்பெட்டிகள் போகிற பை. கடைகளில் 3600, 3700 என்று எண் சொல்லி விற்கிற அளவுகள் அவை. பிளானோ நிறுவனத்தின் எண்களை மற்றவர்களும் பின்பற்றுகிறார்கள். 3600 ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளம், நடந்து போகிறவருக்கு அதுவே தோது. முள்ளை எந்தக் காரணம்கொண்டும் பையின் வெளிப்பாக்கெட்டில் சும்மா போடாதீர்கள். பெயிண்ட் வாளியைப் பற்றி இவ்வளவு பேசும் நானே ஒரு தடவை சோம்பலில் மூன்றுமுள் மாட்டிய லூரை அப்படிப் போட்டு, பைக்கில் உட்கார்ந்ததும் துணியைத் துளைத்துத் தொடையில் ஏறிவிட்டது. இராமநாதபுரம் போய் வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

பை பார்க்கும்போது துணியைவிட ஜிப்பைப் பாருங்கள். உலோகப் பல் ஜிப் நம் கரையில் ஒரு பருவம்கூடத் தாங்காது. வெள்ளைப் பூச்சாகப் பூத்து இறுகிவிடும். பெரிய பிளாஸ்டிக் பல் வேண்டும். அப்போதும் இழுக்கிற தலைப்பகுதி உலோகமாகத்தான் இருக்கும், முதலில் சாவது அதுதான். மாதம் ஒரு முறை மெழுகுவத்தியைப் பல்லில் தேய்த்துவிட்டால் போதும். எண்ணெய் போடாதீர்கள், மணலைப் பிடித்துக்கொள்ளும். ஆடிக் காற்றில் தனுஷ்கோடியில் நின்றிருந்தால் மணல் எங்கெல்லாம் புகும் என்பது தெரிந்திருக்கும். ஜிப்பே இல்லாமல், மடக்கி மேலே கொக்கி போடுகிற வாய் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து, பையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையோ வலைத்துணியோ இருக்கிறதா என்று பாருங்கள். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதைவிட இந்த ஓட்டை உங்களுக்கு அதிகம் உதவும். துணி பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் வெயிலுக்குச் சீக்கிரம் பலம் இழக்கும். உள்ளே தடவிய பூச்சை விரலால் தொட்டுப் பாருங்கள். பாலியூரித்தேன் பூச்சு நம் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடத்தில் பிசுபிசுத்து உரிந்துவிடும். என் முதல் பை அப்படித்தான் இரண்டே வருடத்தில் போனது. தார்ப்பாய் மாதிரியான பிவிசித் துணி கனம்தான், ஆனால் இப்போது நான்காவது வருடமாக ஓடுகிறது. அந்தப் பையின் சுவரை மெத்து லூர் நேராகத் தொடக்கூடாது என்பதை மேலே சொன்ன காரணத்தாலேயே கவனிக்கவேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருவது அப்படியில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் துரு வராதா என்று பலர் கேட்கிறார்கள். இறுக்கி மூடிய பெட்டியில், ஏற்கெனவே அலசிக் காயவைத்த சாமானோடு போட்டால் உதவும். ஈரத்தோடு போட்டாலோ நாளுக்குப் பத்துத் தடவை திறந்தாலோ அது சீக்கிரமே நிறைந்துவிடும். பிறகு அது வெறும் மணிகள்தான். நிறம் மாறும் வகையாக வாங்கி, மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். துணிப்பையில் அது வீண். முள்ளுக்கு மேல் ஆவியாகப் படிந்து காக்கும் மாத்திரை, காகிதம் என்று விற்கிறார்கள். மூடிய இடத்தில் அது வேலை செய்யும் என்பது தொழிற்சாலை அனுபவத்தில் தெரிந்தது. மணலில் உட்கார்ந்து அடிக்கடி திறந்து மூடுகிற பெட்டியில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு என் அனுபவம் இரண்டு விதமாகவும் இருக்கிறது. ஆகவே அதை நம்பிக் காசு போடச் சொல்லமாட்டேன். வீட்டில் ஸ்டாக் வைத்திருக்கும் புது முள்ளுக்குப் போடுங்கள், தப்பில்லை.

உங்கள் 3,000 ரூபாயை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். பெரும்பங்கு துணிப்பைக்கு. அடுத்தது இரண்டு பாலிப்ரொப்பிலீன் தட்டுப்பெட்டிகள், மூடி சரியாக உட்காருகிறதா என்று கடையிலேயே பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்து. அதில் ஒன்று காய்ந்த பெட்டி, கடலில் இறங்காத சாமான் மட்டும் இருக்கும். இன்னொன்று ஈரப் பெட்டி, அன்றைக்குக் கட்டிக் கழற்றியதெல்லாம் அதற்குள்தான். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்கள் துருவில் முக்கால்வாசி நின்றுவிடும், ஏனென்றால் நனைந்த ஒரு லூர்தான் நனையாத ஒன்பதைக் கெடுக்கிறது. ஈரப் பெட்டியின் அடியில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் நாலு ஓட்டை போட்டுவிடுங்கள். மிச்சக் காசில் நல்ல முள். இரை இறாலைப் பைக்குள் கொண்டுவரவே வேண்டாம். தனி டப்பாவில், பைக்கின் மறுபக்கம் தொங்கட்டும்.

பையில் ஒரு வெளிப்பாக்கெட்டைக் காலியாக விடுங்கள், தம்பி. அது அறுந்த தங்கூசிக்கும் கிழிந்த ரப்பர் லூருக்கும். தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நீங்கள் வீசும் தண்ணீர் அதற்குப் பக்கத்துத் தண்ணீர்தான். ஆமையும் கடல்பசுவும் மேய்கிற புல்வெளி அங்கே இருக்கிறது, தங்கூசி அதில் மட்குவதே இல்லை. கைகளுக்கு இடையே ஒரு முழம் சுற்றி முடிச்சுப் போட்டால் பத்துப் பயணத்துக் கழிவும் அந்தப் பாக்கெட்டில் அடங்கும்.

உடைந்த பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். கீல் துண்டு மிதந்தால், மூடிக்கு ரப்பர் பேண்ட் போட்டு, வீட்டில் ஈயமும் மிதவையும் வைக்க அதுவே போதும். மூழ்கினால் அதிலிருக்கும் மெத்து லூர்களை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.